கேளுங்க டீச்சர்: எம்.எல்.ஏ. நாற்காலி காலியானால்...

போன இதழில் இடைத்தேர்தல் பற்றி ஒரே ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களைப் பிரித்து வைத்தால் மேசையில் இடமில்லை. அதனால் இந்த முறை முழுக்க அதுதான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விழுப்புரம் மாவட்டத்தில் 34 வருஷம் ஆசிரியையாக இருந்து 2022-ல் ஓய்வு பெற்றவள் நான். 1989 சட்டமன்றத் தேர்தலில் விரலில் மை வைக்கும் வேலையில் தொடங்கி, 2019 விக்கிரவாண்டி இடைத்தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்தது வரை தேர்தல் பணி பார்த்திருக்கிறேன்.

எம்.எல்.ஏ. இறந்துவிட்டால், போன தேர்தலில் இரண்டாவதாக வந்தவரையே எம்.எல்.ஏ. ஆக்கிவிடலாமே? எதற்கு மறுபடியும் இவ்வளவு செலவு?
– திண்டிவனம் வாசகர்

இதே கேள்வியை வேறு விதமாக என்னிடம் கேட்டவர் ஒரு பாட்டி. 2019 அக்டோபர் 21, விக்கிரவாண்டி இடைத்தேர்தல். முந்தைய நாட்களில் பெய்த மழையில் பள்ளிக்கூட வாசல் சேறாகிக் கிடந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவர், "சித்திரையிலதானம்மா ஓட்டுப் போட்டேன், அந்த ஓட்டு என்னாச்சு?" என்றார். அது டெல்லிக்கு, இது சென்னைக்கு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ராதாமணி போயிட்டாரே, அதுக்கா?" என்றார். அதற்குத்தான். தி.மு.க. சார்பில் 2016-ல் ஜெயித்த கு. ராதாமணி 2019 ஜூனில் இறந்துபோனார். பாட்டிக்கு விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது. இவருக்குக் கொடுத்த ஓட்டு இவரோடு போய்விட்டது, இனி யாருக்கு என்று தன்னைத்தான் கேட்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

இரண்டாவதாக வந்தவர் என்பவர் யார்? அந்த ஊரால் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர். போட்டி கடுமையாக இருந்திருக்கலாம், சில நூறு ஓட்டில் கூடத் தோற்றிருக்கலாம். ஆனாலும் ஊர் தேர்ந்தெடுத்தது வேறொருவரை. அதைவிட முக்கியம், நடுவில் ஊரின் மனசு மாறியிருக்கும். 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலைப் பாருங்கள். 1971-ல் அங்கே ஜெயித்த தி.மு.க.வின் ராஜாங்கம் இறந்ததால் வந்த தேர்தல் அது. எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கியது 1972 அக்டோபர் 17-ல். ஏழு மாதக் குழந்தை. அந்தக் கட்சியின் வேட்பாளர் மாயத்தேவர் பட்டியலைப் பார்த்து இரட்டை இலைச் சின்னத்தை எடுத்தார், ஜெயித்தார். காமராஜர் இருந்த ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாமிடம், ஆளும் தி.மு.க. மூன்றாமிடம். 1971-ல் இரண்டாவது வந்தவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் திண்டுக்கல் ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதே நாட்டுக்குத் தெரிந்திருக்காது.

செலவு என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டி சேற்றில் நடந்து வந்து கேட்ட கேள்விக்கு மரியாதை செய்ய வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்கிறார்கள். ஆனால் சில தொகுதிகள் வருஷக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றனவே?
– அரூர் வாசகி

அரூரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அனுபவித்த ஊர்.

முதலில் சட்டம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ல் 151ஏ என்று ஒரு பிரிவு, 1996-ல் சேர்த்தது. இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும். இரண்டு விலக்கு உண்டு. பதவிக்காலத்தில் ஓராண்டுக்கும் குறைவாக மிச்சம் இருந்தால் நடத்த வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குள் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசைக் கலந்து சான்று கொடுத்தாலும் தள்ளிப்போகலாம்.

2017 செப்டம்பர் 18-ல் சபாநாயகர் தனபால் 18 எம்.எல்.ஏ.க்களைத் தகுதி நீக்கம் செய்தார். அரூரும் அதில் ஒன்று. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2018 ஜூன் 14-ல் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு. மூன்றாவது நீதிபதியிடம் போய், அக்டோபர் 25-ல்தான் தகுதி நீக்கம் செல்லும் என்று முடிவானது. அரூரில் தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல் 18. கணக்குப் போட்டால் பத்தொன்பது மாதம்! அந்தப் பத்தொன்பது மாதமும் 18 தொகுதி ஜனங்களுக்காகச் சட்டமன்றத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்க ஒருவர் இல்லை. வழக்கு நடப்பது நியாயம்தான், தகுதி நீக்கப்பட்டவர்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் இப்படிப்பட்ட வழக்குக்குக் காலக்கெடு வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆறு மாதம் என்று தேர்தலுக்குக் கெடு வைத்துவிட்டு, அதற்கு முன்னால் நிற்கும் வழக்குக்குக் கெடு வைக்காவிட்டால் எப்படி?

ஓராண்டு விலக்குக்கும் ஒரு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. வால்பாறை எம்.எல்.ஏ. அமுல் கந்தசாமி 2025 ஜூன் 21-ல் காலமானார். அந்தச் சட்டமன்றத்தின் காலம் 2026 மே மாதம் வரை. ஓராண்டுக்கும் குறைவு என்பதால் இடைத்தேர்தல் வரவில்லை. கூலி, குடியிருப்பு, யானை, சிறுத்தை என்று தினம் ஒரு பிரச்சினையோடு வாழும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் தொகுதி அது. பத்து மாதம்தானே என்று நமக்குத் தோன்றலாம், லயத்து வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படித் தோன்றாது.

புனேயில் ஒன்று நடந்தது. அந்த ஊர் எம்.பி. கிரீஷ் பாபட் 2023 மார்ச் 29-ல் இறந்தார். அப்போது மக்களவைக்கு ஓராண்டுக்கு மேல் காலம் இருந்தது. தேர்தல் வரவில்லை. வாக்காளர் ஒருவர் வழக்குப் போட, உடனே நடத்துங்கள் என்று டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பொதுத்தேர்தலே வந்துவிட்டது. தனி ஆளாக ஒரு வாக்காளர் கோர்ட் படி ஏறினார் பாருங்கள், அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்து பணம் கொடுத்துவிட்டு, சாமி படத்தின்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்கள். மனசுக்குப் பிடித்த வேறொருவருக்குப் போட்டால் தெய்வக் குற்றம் ஆகுமா?
– ஊர், பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

தாயி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எழுத்து நடுங்கியிருக்கிறது.

குற்றம் உங்கள் வாசலுக்கு வந்து அந்தச் சத்தியத்தைக் கேட்டவர்களுடையது. ஓட்டுக்காகப் பணம் கொடுப்பது சட்டப்படி லஞ்சம், ஓராண்டு வரை சிறை உண்டு. வாங்குவதும் லஞ்சம்தான், அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். அடுத்த முறை வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள், முடியாவிட்டால் 1950 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். போனில் சி-விஜில் என்ற செயலி இருக்கிறது, பெயர் சொல்லாமலே புகார் அனுப்பலாம்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். யாருக்குப் போட்டீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. இதை உள்ளே உட்கார்ந்து பார்த்தவளாகச் சொல்கிறேன். மறைப்புக்குள் நீங்கள் மட்டும்தான் போவீர்கள். பட்டனை அழுத்தினால் விவிபேட் கண்ணாடிக்குள் உங்கள் சின்னம் அச்சான சீட்டு ஏழு நொடி தெரியும், அப்புறம் வெட்டுப்பட்டுப் பெட்டிக்குள் விழுந்து மற்றச் சீட்டுகளோடு கலந்துவிடும். அதில் உங்கள் பெயரோ வரிசை எண்ணோ இருக்காது. எத்தனையாவது ஆளாக வந்தீர்கள் என்று எங்கள் பதிவேட்டில் இருக்கும், யாருக்குப் போட்டீர்கள் என்பது எந்தத் தாளிலும் கிடையாது. தலைமை அலுவலரான எனக்கே தெரியாது.

மனசாட்சிக்கு எதிராக வாங்கிய சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் கும்பிடும் எந்தச் சாமியும் கேட்காது. உங்கள் மனசுக்குப் பிடித்தவருக்குப் போடுங்கள்.

பணம் கொடுத்தால் தேர்தலையே நிறுத்த முடியுமா? திருமங்கலம், ஆர்.கே. நகர் என்று பெயர் கேட்டாலே பணம்தான் நினைவுக்கு வருகிறது.
– மேலூர் வாசகர்

முடியும், நடந்திருக்கிறது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-ல் மறைந்ததால் காலியான ஆர்.கே. நகருக்கு 2017 ஏப்ரல் 12-ல் ஓட்டுப்பதிவு என்று அறிவித்தார்கள். வருமான வரிச் சோதனையில் வாக்காளர்களுக்குப் பணம் பிரித்த கணக்குத் தாள்கள் சிக்கின. ஓட்டுப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு, 9-ம் தேதி இரவு, ஆணையம் தேர்தலை ரத்து செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2016 பொதுத்தேர்தலில் அரவக்குறிச்சிக்கும் தஞ்சாவூருக்கும் இதே கதை. மே மாதம் நடக்க வேண்டியது நவம்பர் 19-க்குப் போனது.

வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய 58ஏ என்று சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. பணத்துக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. அரசியல் சாசனத்தின் 324-வது பிரிவு தரும் பொது அதிகாரத்தை வைத்துத்தான் ஆணையம் அந்த உத்தரவுகளைப் போட்டது. ஆணையமே தனிப் பிரிவு வேண்டும் என்று கேட்டிருக்கிறது. கொடுத்தால் நல்லது.

ஆனால் ரத்து செய்தால் தண்டனை யாருக்கு என்று பாருங்கள். பணம் பிரித்தவர்கள் வெளியே இருந்தார்கள். ஆர்.கே. நகர் ஜனங்களுக்கு இன்னும் எட்டு மாதம் எம்.எல்.ஏ. இல்லை. டிசம்பர் 21-ல்தான் ஓட்டுப்பதிவு நடந்தது.

திருமங்கலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2009 ஜனவரி 9 இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று பெயர் வைத்து, ஊர் பெயரையே வசவாக்கிவிட்டார்கள். அந்த ஊரில் கை நீட்டாமல், வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இது எவ்வளவு வலிக்கும்! நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை.

ஒரே ஆள் இரண்டு தொகுதியில் நின்று, ஜெயித்ததும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இது சரியா?
– கூடலூர் வாசகர்

சட்டப்படி சரி. 1996-க்கு முன்பு எத்தனை தொகுதியிலும் நிற்கலாம், அதற்குப் பிறகு இரண்டு வரைதான். இரண்டிலும் ஜெயித்தால் ஒன்றை விட வேண்டும், இடைத்தேர்தல் வரும்.

உங்கள் ஊருக்கு அடுத்த மலையில் நடந்ததையே சொல்கிறேன். 2024-ல் ராகுல் காந்தி ரேபரேலியிலும் வயநாட்டிலும் ஜெயித்தார். ஜூனில் வயநாட்டை விட்டார். ஜூலை 30 விடிவதற்கு முன் முண்டக்கை, சூரல்மலையில் நிலச்சரிவு. ஊரே புதைந்தது. அந்த நாளில் வயநாட்டுக்கு எம்.பி. கிடையாது. ராகுலும் பிரியங்காவும் இரண்டு நாளில் அங்கே வந்தார்கள், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 'இந்தத் தொகுதியின் உறுப்பினர்' என்று அவையில் எழுந்து பேசும் உரிமையோடு ஒருவர் இல்லை. நவம்பர் 13 இடைத்தேர்தலில் பிரியங்கா நாலு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த பிறகுதான் அந்த இடம் நிரம்பியது.

எந்தக் கட்சித் தலைவரானாலும் எனக்கு ஒரே பதில்தான்: ஒரு தொகுதியில் நில்லுங்கள். ஒன்று, இதைத் தடை செய்யுங்கள், இல்லையென்றால் விட்டுப்போகிறவரிடம் இடைத்தேர்தலுக்கு ஒரு தொகையை வாங்குங்கள் என்று தேர்தல் ஆணையம் 2004-லேயே பரிந்துரைத்தது. இருபது வருஷம் தாண்டிவிட்டது.

இடைத்தேர்தல் என்றால் ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும். அப்புறம் எதற்கு நான் வரிசையில் நிற்க வேண்டும்?
– செஞ்சி கல்லூரி மாணவர்

தம்பி, பெரும்பாலும் நீங்கள் சொல்வது உண்மை. அமைச்சர்கள் வந்து தெருத்தெருவாக முகாம் போடுகிறார்கள். ஈரோடு கிழக்கில் 2023-லும் 2025-லும், நம் விக்கிரவாண்டியில் 2019-லும் 2024-லும் அப்போதைய ஆளுங்கட்சிப் பக்கம்தான் ஜெயித்தது.

ஆனால் எப்போதும் இல்லை. திண்டுக்கல் கதையை மேலே சொன்னேன். 1989 ஜனவரியில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. இரண்டே மாதத்தில் மருங்காபுரியிலும் மதுரை கிழக்கிலும் தோற்றது. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் பிரஷர் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஆளுங்கட்சியைத் தோற்கடித்தார்.

2019-ஐ நன்றாகப் பாருங்கள். ஏப்ரலிலும் மே மாதத்திலும் சேர்த்து 22 தொகுதிக்கு இடைத்தேர்தல். தி.மு.க. 13, அ.தி.மு.க. 9. எதிர்க்கட்சிதான் அதிகம் ஜெயித்தது. அதே சமயம் அந்த ஒன்பது இடம்தான் எடப்பாடி பழனிசாமி ஆட்சியைக் காப்பாற்றியது. பெரும்பான்மைக்கு 118 வேண்டும், அந்த ஒன்பதோடு சேர்த்து அவர்களுக்கு 123 ஆனது. 22 ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று தமிழ்நாட்டுக்கே யார் ஆட்சி என்று முடிவு செய்தார்கள். நீங்கள் போய் நில்லுங்கள்.

ஈரோட்டில் இடைத்தேர்தல் வந்தபோதெல்லாம் கனி மார்க்கெட்டுக்கு ஜவுளி எடுக்க வர பயமாக இருந்தது. கையில் பணம் வைத்திருப்பது குற்றமா?
– பொள்ளாச்சி துணிக்கடைக்காரர்

குற்றமில்லை. 50,000 ரூபாய்க்கு மேல் இருந்து, எங்கிருந்து வந்தது, எதற்குப் போகிறது என்று காட்டத் தாள் இல்லை என்றால் பறக்கும் படை எடுத்து வைக்கும். வங்கியில் பணம் எடுத்த சீட்டு, கடையின் ஜி.எஸ்.டி. பதிவு நகல், போன வாரக் கொள்முதல் பில் இவற்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டால் ரசீது இல்லாமல் அங்கிருந்து நகராதீர்கள். மூன்று அதிகாரிகள் கொண்ட மாவட்டக் குழு ஒன்று இதற்காகவே இருக்கிறது, அங்கே கணக்கைக் காட்டித் திரும்பப் பெறலாம். சிறு வியாபாரிகள் படும் பாடு எனக்குத் தெரியும். இந்த 50,000 என்ற வரம்பை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும்.

ஈரோடு கிழக்கில் 77 பேர் நின்றார்களாமே, அத்தனை பெயரும் மெஷினில் எப்படி வந்தது?
– காங்கேயம் பள்ளி மாணவி

ஒரு பெட்டியில் 16 பெயர் வரும். 2023-ல் 77 வேட்பாளர், கூடவே நோட்டா. 78-ஐ 16-ஆல் வகுத்துப் பார் கண்ணு. ஐந்து பெட்டியை வரிசையாக வைத்தார்கள்.

நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் தினக்கூலி. ஓட்டு ஊரில் இருக்கிறது. இடைத்தேர்தலுக்கு லீவு கேட்டால் சம்பளம் பிடிப்பார்களா?
– விக்கிரவாண்டிப் பக்கத்து வாசகர்

பிடிக்கக் கூடாது. பிரிவு 135பி. ஓட்டு உள்ள எவருக்கும் ஓட்டுப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை, தினக்கூலிக்கும் உண்டு. வேலை வேறு ஊரில் என்பதால் உரிமை போகாது. வாக்காளர் அட்டை நகலோடு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஓட்டுப் போடப் போனேன். உங்கள் ஓட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன். என்ன செய்திருக்க வேண்டும்?
– பண்ருட்டி வாசகி

திரும்பி வந்திருக்கக் கூடாது, அம்மா. உங்களைத் திரும்ப அனுப்பியதும் தவறு.

49பி (49P) விதிப்படி 'ஆய்வுக்குரிய வாக்கு' என்று ஒன்று உண்டு, எங்களுக்குள் டெண்டர் ஓட்டு என்போம். நீங்கள் நீங்கள்தான் என்று தலைமை அலுவலர் விசாரித்துத் திருப்தியானால் மெஷினில் விடமாட்டார், காகித வாக்குச்சீட்டு கொடுப்பார். அதில் முத்திரை குத்திக் கொடுத்தால் தனி உறையில் போட்டு ஒட்டுவார். 17பி படிவத்தில் உங்கள் கையெழுத்து வாங்குவார். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது. ஆனால் வித்தியாசம் மிகக் குறைவாக இருந்து வழக்கு வந்தால் அந்த உறைக்கு வேலை வரும். 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அந்த வழக்கில் டெண்டர் ஓட்டுகளைப் பற்றிய வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

நான் பணி பார்த்த சாவடியிலும் ஒரு முறை இது நடந்தது, எந்தத் தேர்தல், எந்த ஊர் என்று சொல்லவில்லை. மதியம் மூன்று மணி. கரும்பு வெட்டிவிட்டு நேராக வந்த ஒரு அம்மா, கையெல்லாம் கீறல். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே காலையிலேயே கோடு போட்டிருந்தது. விசாரித்தால் அதே பெயர், புருஷன் பெயரும் அதே, இரண்டு தெரு தள்ளி இன்னொருவர். அவர் வந்தபோது என் குழுவில் இருந்தவர் தவறான வரியில் கோடு போட்டுவிட்டார். கள்ள ஓட்டு எதுவும் இல்லை, பிழை எங்கள் மேசையில் நடந்தது. நான் எழுந்து அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

டெண்டர் சீட்டைக் கையில் கொடுத்ததும் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நாளைக்கு முன்ன இப்படிச் சீட்டுலதான் குத்தினோம்" என்றார். முத்திரை குத்தி, மை காயும்வரை ஊதிக்கொண்டு நின்று, நீளவாக்கில் மடித்து என்னிடம் கொடுத்தார். உறையில் போட்டு ஒட்டினேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து இடது கையை நீட்டினார். பதற்றத்தில் எங்கள் ஆள் விரலுக்கு மை வைக்க மறந்திருந்தார். அந்தக் கீறல் விழுந்த ஆள்காட்டி விரலைத் துடைத்து, மையை நானே வைத்தேன்.